தெப்பத்தில் விடப்பட்ட 17 பேர்

முப்பது வருஷம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். கூண்டில் நிற்கிறவனுக்குத் தீர்ப்பை அவனுடைய மொழியில் சொல்கிற வாய் என்னுடையது. தண்டனையைச் சொல்லி முடித்ததும், "மேன்முறையீடு செய்யலாம், பதினாலு நாளிருக்கு" என்பேன். செத்துக் கிடந்த முகத்தில் அந்த ஒரு சொல்லுக்குத்தான் உயிர் வரும்.

அந்தச் சொல்லின் பெறுமதி எங்கள் முல்லைத்தீவாருக்குப் புதிதல்ல. சின்ன வயதில் விடிய விடியக் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. பாண்டியன் ஒரு வார்த்தை சொல்ல, ஒரு தலை போய்விடும். அதற்குப் பிறகு சிலம்போடு வந்து நின்று கேட்டவளைத்தான் வற்றாப்பளையில் வைத்துக் கும்பிடுகிறோம்.

கடற்கொள்ளை வழக்குகளை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது ‘அலொன்ட்ரா ரெயின்போ’வால். 1999 ஒக்ரோபர் 22 அன்று ஏறக்குறைய 7,000 தொன் அலுமினியப் பாளங்களோடு சுமாத்திராவிலிருந்து யப்பானுக்குப் புறப்பட்ட கப்பல் அது. கொள்ளையர் அதைப் பிடித்தார்கள். மாலுமிகள் 17 பேர்: யப்பானியர் இருவர், பிலிப்பைன்காரர் 15 பேர். ஒரு கிழமை அடைத்து வைத்துவிட்டு, காற்றடைத்த தெப்பமொன்றில் இறக்கி நடுக்கடலில் விட்டார்கள். பத்து நாளளவு மிதந்தவர்களைத் தாய்லாந்து மீன்பிடிப் படகொன்று தூக்கியது.

மிதந்து கிடந்த ஒருவரை என் தாத்தாவும் ஒருமுறை தூக்கிக்கொண்டு வந்தார். கரைவலைச் சம்மாட்டி அவர். வலையை அப்படியே விட்டுவிட்டு வள்ளத்தைத் திருப்பினாராம். உதடு வெடித்து, நாக்குத் தடித்து, பேச முடியாமல் கிடந்தவருக்கு ஆச்சி சீலைத் துண்டை இளநீரில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் பிழிந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. "கடலிலை கிடக்கிறவனை விட்டிட்டு வலையை இழுக்கிறவன் எங்கடை ஆளில்லை" என்பார் தாத்தா. அந்த 17 பேரின் நாக்கும் அப்படித்தானே தடித்திருக்கும்.

கப்பலுக்கு ‘மெகா ராமா’ என்று பெயர் மாற்றியிருந்தார்கள். இந்தியக் கரையோரக் காவல்படையின் ‘தாராபாய்’ அதைத் துரத்த, கடற்படையின் ‘பிரஹார்’ வந்து சேர, நவம்பர் 16 அன்று அரபிக்கடலில் பிடிபட்டது. கொள்ளையர் கப்பலைத் தாழ்க்கவும் பார்த்தார்களாம். அகப்பட்டவர்கள் இந்தோனேசியர் 15 பேர். 2003 பெப்ரவரியில் மும்பை செஷன்ஸ் நீதிமன்றம் ஏழு ஆண்டுக் கடூழியச் சிறை விதித்தது. 2005 ஏப்ரலில் மேன்முறையீட்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கடற்கொள்ளை என்றொரு குற்றமே இல்லை. கொள்ளைக்கும் கொலைமுயற்சிக்கும் தரையில் நடப்பவற்றுக்கென எழுதிய பிரிவுகளைக் கொண்டு கடலை அளந்தார்கள். இத்தனைக்கும் 1931 இல் ஹொங்கொங்குக்கு அப்பால் நடந்த துரத்தல் ஒன்றைப் பற்றி, பொருள் பறிபோகாவிட்டாலும் கொள்ளை முயற்சியே கடற்கொள்ளைதான் என்று லண்டன் கோமறைக் கழகம் 1934 இலேயே சொல்லியிருந்தது. 1971 வரை இலங்கையின் மேன்முறையீடுகளும் போய்ச் சேர்ந்த கழகம் அது. அலொன்ட்ரா விசாரணை நடந்துகொண்டிருந்த 2001 இல் நாங்கள் கடற்கொள்ளைச் சட்டம் ஒன்றை இயற்றினோம். இந்தியாவுக்கு 2022 ஆயிற்று.

சட்டம் இருந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு ‘குவெஸ்ட்’ வழக்கு. 2011 பெப்ரவரியில் அந்தப் பாய்மரப் படகில் இருந்த அமெரிக்கர் நால்வரைச் சோமாலியக் கொள்ளையர் சுட்டுக் கொன்றார்கள். அமெரிக்க நீதிமன்றத்தில் மூவருக்கு ஆயுள் தண்டனை. கொலை நடந்த இடம் சோமாலியக் கரையிலிருந்து 30, 40 கடல்மைல். சோமாலியாவோ 1972 முதல் 200 மைலையும் தன் கடல் என்று சொன்ன நாடு. ஆகவே அது பொதுக்கடல் இல்லை என்று மேன்முறையீட்டில் வாதாடினார்கள். நாட்டுக்குரிய கடல் 12 மைலோடு முடிகிறது என்று சொல்லி, 2015 இல் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது.

மும்பையில் விடுதலையானவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. கொள்ளையனுக்கும் மேன்முறையீடு வேண்டும். கோவலனுக்கு அது கிடைக்காத கதையைத்தான் நாங்கள் விடிய விடிய ஆடினோம். நீதிபதிகளையும் குறை சொல்லமாட்டேன். இல்லாத சட்டத்தை எழுதித் தருவது அவர்கள் வேலையல்ல.

ஆனால் மொழிபெயர்த்தவனுக்கு ஒரு நினைப்பு வரும். விடுதலை என்ற சொல்லை அந்த இந்தோனேசியருக்கு அவர்கள் மொழியில் யாரோ சொல்லியிருப்பார்கள். முகங்களில் உயிர் வந்திருக்கும். தெப்பத்தில் கிடந்த 17 பேருக்கு அதைத் தகாலொக்கிலும் யப்பானிய மொழியிலும் சொல்வதற்கு எந்த நீதிமன்றத்திலும் என்னைப் போல ஒருவன் நிற்பதில்லை.