பட்டினி போடும் கதை

"கட்டிக்கு ரத்தம் ஓடுது, அதான் வளருது. சாப்பாட்டக் கொறச்சா தானா வாடிப்போயிடும்." திண்டிவனத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், என் பெரியப்பாவின் கட்டிலருகே உறவினர் ஒருவர் சொன்னது இது. முதலில் பாலும் சர்க்கரையும் நின்றன. பிறகு சோறு பாதியானது. அதற்கு முன் இரண்டு மாதம், மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருந்தோம். கணையத்தின் தலைப்பகுதியில் வரும் புற்று பித்தக் குழாயை அடைத்து, பல சமயம் வலியே இல்லாமல் கண்ணை மஞ்சளாக்கும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்தப் பேச்சைக் கிராமத்து அறியாமை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அதன் ஊற்று ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடமொன்றில் ஜூடா ஃபோக்மனும் ஃப்ரெடரிக் பெக்கரும், தனியே எடுத்து உயிர்ப்புடன் வைத்த தைராய்டு சுரப்பிகளுக்குள் புற்றுச் செல்களைச் செலுத்திப் பார்த்தனர். கட்டிகள் ஓரிரு மில்லிமீட்டரோடு நின்றுவிட்டன. அவற்றையே எலியின் உடலுக்குள் வைத்தபோது புதிய ரத்த நாளங்கள் முளைக்க, கட்டிகள் பெருத்தன. நாளத்திலிருந்து ஆக்சிஜன் கசிந்து சேரக்கூடிய தூரம் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டி வளர நாளம் வேண்டும். நாளத்தைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்று 1971இல் ஃபோக்மன் எழுதினார். வெகுகாலம் அதை நம்பியவர்கள் குறைவு. 2004இல் பெவாசிசுமாப் என்ற மருந்து பெருங்குடல் புற்றுக்கு அனுமதி பெற்றபோது 'கட்டியைப் பட்டினி போடுதல்' என்ற சொல்லாடல் பத்திரிகைகளில் நன்றாக வேரூன்றியிருந்தது. புற்றுநோயைச் சுற்றிய போர் உருவகங்களை சூசன் சொண்டாக் 1978லேயே கேள்விக்குட்படுத்தியிருந்தார். முற்றுகையும் பட்டினியும் போரின் சொற்கள்தானே.

கணையத்தில் இந்தக் கதையாடல் உடைந்தது. 602 நோயாளிகளிடம் வழக்கமான மருந்தோடு பெவாசிசுமாபைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2010இல் வந்தது. ஆயுள் நீளவில்லை. காரணம் பலவாக இருக்கலாம். ஆனால் கணையப் புற்று ஏற்கெனவே ரத்தம் குறைந்த கட்டி என்பதை மறக்க முடியாது. புற்றுச் செல்களைச் சுற்றி நார்த்திசு கெட்டியாக இறுகி, இருக்கிற நாளங்களையும் நெரித்துவிடுகிறது. மருந்தும் உள்ளே போவதில்லை, ஆகாரமும் சரியாகப் போவதில்லை. அப்புறம் எப்படி வளர்கிறது? அச்செல்கள் சுற்றியுள்ள திரவத்தை வாய்வாயாக விழுங்கி, அதிலுள்ள புரதத்தைச் செரித்துக்கொள்கின்றன என்று 2013இல் காட்டினார்கள். தம் உறுப்புகளையே தின்றும் பிழைக்கின்றன. பட்டினியில் வாழப் பழகியதைப் பட்டினி போட்டு என்ன செய்ய?

விழுப்புரம் ஜங்ஷனில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இன்னொன்று தோன்றும். ரயில் வந்தால் பஞ்சம் போகும் என்றார்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் தண்டவாளம் தானியத்தை விலை கூடிய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. பாதை இருப்பது வேறு, வயிறு நிறைவது வேறு. (விழுப்புரம்–புதுச்சேரிப் பாதை வந்தது 1879இல். பஞ்சம் முடிந்த பிறகு.)

உண்மையில் பட்டினி கிடப்பது நோயாளிதான். கணையத்தின் செரிமான நீர் குடலுக்குப் போகும் வழி அடைபட்டால், தின்ற கொழுப்பு அப்படியே மலத்தோடு போய்விடும். அதோடு நோயே தசையைக் கரைக்கிறது. நொதி மாத்திரையோடு கொஞ்சங் கொஞ்சமாக, ஆனால் சத்தாகச் சாப்பிடச் சொல்வதே இன்றைய மருத்துவம். சோற்றைக் குறைப்பதால் கட்டி சுருங்குவதற்கு ஆதாரமில்லை. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கி இத்தனை வருஷமாகியும், எங்கள் பக்கத்து வீடுகளில் இந்த ஒரு வாக்கியம் வந்து சேரவில்லை. பட்டினிக் கதை மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

கடைசி வாரத்தில் பெரியப்பா ஒரு டம்ளர் பால் கேட்டார். பெரியம்மா எங்கள் முகத்தைப் பார்த்தார். "குடுக்கலாமாப்பா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.