பிறந்த மறுநாளே போர்! – 1948 அரபு இஸ்ரேல் யுத்தம்

1948ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. மாலை 4 மணி. டெல் அவீவ் நகர அருங்காட்சியகத்தில் டேவிட் பென் குரியன் எழுந்து நின்று ஓர் அறிக்கையைப் படித்தார். சுமார் அரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்துவிட்டது. இஸ்ரேல் என்ற புதிய நாடு உருவாகிவிட்டது. சூரியன் மறைந்தால் யூதர்களின் ஓய்வு நாள் தொடங்கிவிடும் என்பதால்தான் இந்த அவசரம்.

அன்று நள்ளிரவோடு பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி முடிந்தது. அடுத்த 11 நிமிடத்தில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் புதிய நாட்டை அங்கீகரித்தார். மூன்று நாளில் சோவியத் யூனியனும் அங்கீகரித்தது. ஆனால் அதற்கு முன்பே, மே 15 அதிகாலையில், எகிப்து விமானங்கள் டெல் அவீவ் மீது குண்டு போட்டன. எகிப்து, டிரான்ஸ்ஜோர்டான், சிரியா, ஈராக், லெபனான் ஆகிய ஐந்து நாடுகளும் போரில் இறங்கின.

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத நாடு ஐந்து நாடுகளை எப்படிச் சமாளித்தது? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஆனால் இதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சுமார் ஏழு லட்சம் அரேபியர்கள் என்ன ஆனார்கள்?

ஒரு நிலம், இரண்டு வாக்குறுதிகள்

முதல் உலகப் போர் வரை பாலஸ்தீனம் துருக்கியின் ஒட்டோமான் பேரரசுக்குள் இருந்தது. துருக்கியரைத் தோற்கடிக்க பிரிட்டனுக்கு அரேபியர்களின் உதவி தேவைப்பட்டது. "எங்களோடு சேர்ந்து போரிட்டால் சுதந்திர அரபு நாடு கிடைக்கும்" என்று 1915-16ல் மெக்காவின் ஷெரீப் ஹுசைனுக்குக் கடிதங்கள் போயின. அந்த நாட்டில் பாலஸ்தீனமும் அடங்கும் என்று அரேபியர்கள் நம்பினார்கள். பிரிட்டன் பிறகு அதை மறுத்தது. 1917 நவம்பர் 2ல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைய பிரிட்டன் துணை நிற்கும் என்று அறிவித்தார்.

ஒரே நிலத்தை இரண்டு பேருக்குப் பேசி முடித்தால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. ஐரோப்பாவில் கொடுமைக்கு ஆளான யூதர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு வருகை இன்னும் பெருகியது. தங்கள் ஊரிலேயே தாங்கள் சிறுபான்மையாகி விடுவோமோ என்று பயந்த அரேபியர்கள் 1936 முதல் 1939 வரை பெரும் கிளர்ச்சி செய்தார்கள். பிரிட்டன் அதை இரும்புக்கரம் கொண்டு அடக்கியது. தலைவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது நாடு கடத்தப்பட்டார்கள். பத்து வருடம் கழித்து வந்த நிஜமான போரின்போது பாலஸ்தீன அரேபியர்களிடம் ஒழுங்கான தலைமையோ, படையோ இல்லாமல் போனதற்கு இது முக்கியக் காரணம்.

ஐ.நா. போட்ட கோடு

இரண்டாம் உலகப் போரில் களைத்துப்போன பிரிட்டன், 1947ல் பிரச்சினையை ஐ.நா. சபையிடம் தள்ளிவிட்டது. ஐ.நா. அமைத்த 11 நாட்டுக் குழுவில் இந்தியாவும் இருந்தது. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா ஆகிய மூன்றும் இரு இனத்தாரும் சேர்ந்து வாழும் கூட்டாட்சி நாட்டைப் பரிந்துரைத்தன. பெரும்பான்மை நாடுகள் பிரிவினையைச் சொன்னன. 1947 நவம்பர் 29ல் பிரிவினைத் தீர்மானம் 33க்கு 13 என்ற கணக்கில் நிறைவேறியது. பிரிட்டன் உட்பட 10 நாடுகள் வாக்களிக்கவில்லை. இந்தியா எதிர்த்து வாக்களித்தது.

மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கு இருந்த யூதர்களுக்கு சுமார் 55 சதவீத நிலம் ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி நெகேவ் பாலைவனம் என்றாலும், யூத நாட்டுக்குள்ளேயே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அரேபியர்கள் இருந்தார்கள். ஜெருசலேம் யாருக்கும் இல்லாமல் சர்வதேச நகரம் என்றானது. யூதத் தலைமை ஏற்றுக்கொண்டது. அரபுத் தரப்பு முழுவதுமாக நிராகரித்தது.

ஊருக்குள் நடந்த போர்

உண்மையில் போர் மே 15ல் தொடங்கவில்லை. தீர்மானம் நிறைவேறிய மறுநாளே தொடங்கிவிட்டது. பேருந்துகள் தாக்கப்பட்டன, சந்தைகளில் குண்டுகள் வெடித்தன. ஜெருசலேமுக்குப் போகும் மலைப்பாதையை அரபு வீரர்கள் மறித்ததால், அங்கிருந்த யூதர்கள் உணவுக்கும் தண்ணீருக்கும் தவித்தார்கள்.

1948 ஏப்ரலில் யூதர்களின் ஹகானா படை தற்காப்பை விட்டுத் தாக்குதலில் இறங்கியது. ஏப்ரல் 8ல் காஸ்டல் என்ற மலைக் கிராமத்தில், அரேபியர்கள் பெரிதும் நம்பிய தளபதி அப்துல் காதிர் அல் ஹுசைனி கொல்லப்பட்டார். மறுநாள் டெய்ர் யாசின் கிராமத்துக்குள் இர்குன், லெஹி என்ற தீவிர யூத இயக்கங்கள் புகுந்தன. பெண்கள், குழந்தைகள் உட்பட நூறு பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். நான்கு நாள் கழித்து, ஹடாஸா மருத்துவமனைக்குச் சென்ற வாகன வரிசையை அரபு ஆயுதக் குழுவினர் தாக்கியதில் மருத்துவர்கள், செவிலியர்கள் உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

டெய்ர் யாசின் செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அடுத்தது நம் ஊரோ என்ற பயத்தில் மக்கள் கிளம்பினார்கள். ஹைஃபா, யாஃபா போன்ற நகரங்கள் அரேபியர்கள் இல்லாத நகரங்களாக மாறத் தொடங்கின. அரபு நாடுகளின் படைகள் எல்லை தாண்டும் முன்பே இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அகதிகளாகிவிட்டார்கள்.

ஐந்து நாடுகள், ஐந்து கணக்குகள்

ஐந்து நாடுகள் என்றால் பெரும் கடல் போலத் தோன்றும். ஆனால் அவை அனுப்பிய படைகள் அப்படி ஒன்றும் பெரிதல்ல. 1948 மே நடுவில் இரு தரப்பும் களத்தில் ஏறத்தாழ சமமாகவே இருந்தன. போர் முடியும்போது இஸ்ரேல் பக்கம் சுமார் ஒரு லட்சம் பேர் அணி திரண்டிருந்தார்கள்!

அரபு நாடுகளுக்குள் ஒற்றுமையும் இல்லை. இருப்பவற்றில் சிறந்த படை டிரான்ஸ்ஜோர்டானின் அரபு லீஜியன். அதன் தளபதியே ஜான் கிளப் என்ற ஆங்கிலேயர். மன்னர் அப்துல்லாவுக்கு ஜோர்டான் நதியின் மேற்குக் கரையைத் தன் நாட்டோடு சேர்த்துக்கொள்ளும் ஆசை. போருக்கு முன் யூதத் தலைவர் கோல்டா மேயர் அவரை இரண்டு முறை ரகசியமாகச் சந்தித்தார். அப்துல்லாவின் ஆசை எகிப்துக்கும் சிரியாவுக்கும் பிடிக்கவில்லை. ஒருவரை ஒருவர் சந்தேகித்துக்கொண்டே அவர்கள் சண்டையிட்டார்கள்.

இருந்தாலும் முதல் நான்கு வாரம் இஸ்ரேலுக்குக் கடுமையான சோதனை. மே 28ல் ஜெருசலேம் பழைய நகரின் யூதப் பகுதி அரபு லீஜியனிடம் சரணடைந்தது. லட்ருன் கோட்டையைப் பிடிக்க இஸ்ரேல் மீண்டும் மீண்டும் முயன்று தோற்றது. கடைசியில் கோட்டையைச் சுற்றி மலையில் புதுப்பாதை போட்டு ஜெருசலேமுக்கு உணவு கொண்டுபோனார்கள்.

திருப்பம் தந்த போர் நிறுத்தம்

ஜூன் 11ல் ஐ.நா. தூதர் பெர்னடோட் முயற்சியால் போர் நின்றது. யாருக்கும் ஆயுதம் விற்கக் கூடாது என்று ஐ.நா. தடை போட்டிருந்தது. அரபு நாடுகளுக்கு வழக்கமாக ஆயுதம் கொடுத்த பிரிட்டன் தடையை மதித்தது. ஆனால் செக்கோஸ்லோவாகியா இஸ்ரேலுக்குத் துப்பாக்கிகளையும் போர் விமானங்களையும் விற்றது. நாஜிகளின் மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தின் வகையில் வந்த விமானங்களை யூத விமானிகள் ஓட்டினார்கள் என்பது வரலாற்றின் விசித்திரம்!

ஜூலையில் மீண்டும் பத்து நாள் சண்டை. லிட்டா, ராம்லா நகரங்களைப் பிடித்த இஸ்ரேல் படை, அங்கிருந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அரேபியர்களை வெளியேற்றியது. கொளுத்தும் வெயிலில் நடந்தே போனவர்களில் பலர் தாகத்தால் வழியிலேயே இறந்தார்கள். செப்டம்பர் 17ல் சமாதானம் பேச வந்த பெர்னடோட்டையே லெஹி இயக்கத்தினர் ஜெருசலேமில் சுட்டுக் கொன்றார்கள். அக்டோபர் தொடங்கி நெகேவும் கலிலேயாவும் இஸ்ரேல் வசமாயின. ஃபலூஜா என்ற இடத்தில் சுமார் 4,000 எகிப்திய வீரர்கள் மாதக்கணக்கில் முற்றுகையில் சிக்கினார்கள். அவர்களில் ஒருவர் கமால் அப்துல் நாசர். அந்த அவமானம்தான் 1952ல் எகிப்து மன்னராட்சியைக் கவிழ்த்த கோபத்துக்கு ஒரு விதை.

கிடைத்ததும் இழந்ததும்

1949 பிப்ரவரி முதல் ஜூலை வரை எகிப்து, லெபனான், டிரான்ஸ்ஜோர்டான், சிரியா ஆகியவை இஸ்ரேலுடன் தனித்தனியாகப் போர் நிறுத்த ஒப்பந்தம் செய்தன. ஈராக் கையெழுத்துப் போடாமலேயே படையைத் திரும்ப அழைத்தது. பேச்சுவார்த்தையை நடத்திய ரால்ஃப் பன்ச்சுக்கு 1950ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பிரிவினையில் 55 சதவீதம் பெற்ற இஸ்ரேலின் கையில் இப்போது சுமார் 78 சதவீத நிலம். மேற்குக் கரை டிரான்ஸ்ஜோர்டானுக்கும், காஸா எகிப்துக்கும் போயின. பாலஸ்தீன அரேபியர்களுக்கு என்று ஐ.நா. சொன்ன நாடு மட்டும் உருவாகவே இல்லை. இஸ்ரேல் தரப்பில் சுமார் 6,000 பேர் இறந்தார்கள். நாட்டின் யூதர்களில் நூற்றுக்கு ஒருவர்! அரேபியர்களில் சுமார் ஏழு லட்சம் பேர் அகதிகளானார்கள். நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் வெறிச்சோடின. அடுத்த சில ஆண்டுகளில் ஈராக், ஏமன் போன்ற நாடுகளிலிருந்து லட்சக்கணக்கான யூதர்களும் பூர்வீகத்தை விட்டு இஸ்ரேலுக்கு வர நேர்ந்தது.

திரும்பி வர விரும்பும் அகதிகளை அனுமதிக்க வேண்டும் என்று 1948 டிசம்பர் 11ல் ஐ.நா. தீர்மானம் போட்டது. இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. சில நாளில் திரும்பிவிடலாம் என்று வீட்டைப் பூட்டிச் சாவியோடு கிளம்பியவர்கள் முகாம்களிலேயே வயதாகி இறந்தார்கள். சாவிகள் மட்டும் பேரப் பிள்ளைகளிடம் இருக்கின்றன. இஸ்ரேலியர்களுக்கு இது சுதந்திரப் போர். பாலஸ்தீனர்களுக்கு இது 'நக்பா', அதாவது பேரழிவு. இந்த இரண்டு பெயர்களில் ஒன்றை மட்டும் தெரிந்து வைத்திருப்பவருக்கு 1948க்குப் பிறகு நடந்த எந்தப் போரும் முழுமையாகப் புரியாது.