பிகாசாவுக்குள் இருக்கும் பழவேற்காடு

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நிற்கும். உள்ளே போனால் கல்லுக்குக் கல் பெயர், ஊர், இறந்த தேதி. 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள், 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை முழுவதையும் இங்கிருந்துதான் நிர்வாகம் செய்தார்கள். கோட்டை இன்று முட்புதர். ஆனால் அந்த வியாபாரிகளின் பெயர்களை முந்நூற்றைம்பது வருஷம் கழித்தும் விரலால் தடவிப் படிக்கலாம்.

அவர்கள் காலத்திலும் ஏரியில் வலை போட்டவர்களுக்கு இப்படிக் கல் கிடையாது. அவர்களுடைய பெயர்கள் வாய்ச்சொல்லாகத்தான் வந்திருக்கின்றன. இங்கே பெயர் என்பது வெறும் ஞாபகம் இல்லை. ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த முறைக்கு, யார் வலை கட்டலாம் என்பதைக் குப்பத்துக்காரர்களே வரிசை போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அந்த உரிமை பரம்பரையாக வருவது. அதனால யார் யாருக்கு மகன், யார் யாருக்குப் பங்காளி என்பதெல்லாம் பிழைப்போடு சேர்ந்த விஷயம்.

2010-லிருந்து இந்தக் குப்பங்களில் வீட்டுக்கு வீடு இருந்த பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து சேர்த்தேன். உப்புக்காற்றில் பூஞ்சை பிடித்த கல்யாணப் படங்கள், கரையில் படகோடு நின்று எடுத்த படங்கள். எல்லாம் ஒரு எக்ஸ்பி கம்ப்யூட்டரில், பிகாசாவில். இன்றைக்கும் அந்தக் கம்ப்யூட்டரை இணையத்தோடு சேர்க்காமல் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 'ஏன் சார் இன்னும் அதைக் கட்டிக்கிட்டு அழுறீங்க' என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்பு.

பிகாசா முதலில் கூகுளுடையது அல்ல. 2002-ல் லைஃப்ஸ்கேப் என்ற சிறிய நிறுவனம் கொண்டுவந்தது. 2004 ஜூலையில் கூகுள் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்தது. போட்டோஷாப் வாங்க வசதியில்லாத, கற்றுக்கொள்ள நேரமும் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய வரம். 2008-ல் கீறல்களைத் துடைக்கும் வசதி வந்தது. 2009-ல் முகத்தைக் கண்டுபிடித்துப் பெயர் போடும் வசதி வந்தது. எனக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டும்தான்.

மடிக்கணினியில் படங்களை ஏற்றிக்கொண்டு போய்க் குப்பத்துத் திண்ணையில் உட்கார்ந்து காட்டுவேன். சொல்லும் பெயர்களை நோட்டில் எழுதி, வீட்டுக்கு வந்து பிகாசாவில் ஏற்றுவேன். ஒரு ஆயா சொன்னது இது: "தம்பி, ஓரத்துல துடுப்போட நிக்கிறாரே, அவரு எங்க பெரிய மாமனாரு. போட்டோவுலயே பேரை எழுதி வை. நாங்க போயிட்டா யாருக்குத் தெரியும்?"

இந்த இடத்தில்தான் பிகாசா வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் படத்தில் செய்யும் திருத்தம் எதுவும் உடனே படத்தில் ஏறாது. வெட்டியது, வெளிச்சம் கூட்டியது, கீறல் துடைத்தது எல்லாம் அந்த ஃபோல்டரில் மறைந்திருக்கும் 'பிகாசா ஐஎன்ஐ' என்ற சின்னக் கோப்பில் குறிப்பாக மட்டும் இருக்கும். 'சேவ்' கொடுத்தால்தான் படம் மாறும். அப்போதும் மூலப்படம் இன்னொரு மறைவு ஃபோல்டருக்குப் போய்விடும். மூலத்தைக் கெடுக்காத நல்ல ஏற்பாடு. முகங்களும் இப்படித்தான். படத்தில் முகம் எங்கே என்ற கட்டமும் ஒரு அடையாள எண்ணும் ஐஎன்ஐ கோப்பில். அந்த எண் யார் என்ற முழுப் பட்டியல் கம்ப்யூட்டரின் வேறொரு மூலையில், 'கான்டாக்ட்ஸ்' கோப்பில். படத்துக்குக் கீழே அடிக்கும் தலைப்பு படத்துக்குள்ளேயே சேரும்.

ஆக, படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்தால் முகம் வரும், பெயர் வராது. கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றினாலும் இதே கதை.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்தது. பிகாசாவை நிறுத்தப் போவதாக 2016 பிப்ரவரியில் கூகுள் அறிவித்து, மார்ச் 15-ல் கைவிட்டது. நிரல் சாகவில்லை, விண்டோஸ் 10-லும் ஓடுகிறது. ஆனால் அதன் தரவுத்தளம் படங்களை டிரைவ் எழுத்து, ஃபோல்டர் வழி என்று முகவரியோடு நினைவில் வைத்திருக்கிறது. படங்களை மட்டும் புதுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் முதலிலிருந்து தேட ஆரம்பித்துவிடும். எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியிருப்பது அந்தப் பழைய பெட்டியில் மட்டுமே.

உங்களிடமும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், ஹார்டு டிஸ்க் போவதற்குள் செய்ய வேண்டியது இது. முதலில் முழு ஃபோல்டர்களையும், மறைந்த கோப்புகளோடு, வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள். கான்டாக்ட்ஸ் கோப்பையும் சேர்த்து எடுங்கள். பிறகு பிகாசா 3.9-ல் 'டூல்ஸ்' மெனுவில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற இடத்துக்குப் போய், முகங்களை எக்ஸ்எம்பியில் எழுதும் கட்டளையைக் கொடுங்கள். எக்ஸ்எம்பி என்பது படக்கோப்புக்கு உள்ளேயே குறிப்பு எழுதிவைக்கும் பொது முறை. அதன்பின் டிஜிகேம் போன்ற இலவச மென்பொருள் அந்தப் பெயர்களைப் படித்துக்கொள்ளும்.

நான் ஃபோல்டர் ஃபோல்டராக இதைச் செய்துகொண்டிருக்கிறேன். மெதுவான வேலை, பழைய பெட்டி நடுவில் சூடாகி நின்றுவிடும், ஆறவைத்துத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். முடிந்த படங்களைப் பெயரோடு அச்செடுத்து, அந்தந்த வீட்டில் ஒரு பிரதி கொடுத்துவிடுகிறேன். ஆயாவின் பெரிய மாமனார் பெயர் இப்போது படத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. கோட்டைக்குப்பம் முடிந்தது. ஆண்டிக்குப்பமும் நடுவூர் மாதாகுப்பமும் பாக்கி இருக்கின்றன.