‘ஏ’ என்னும் ஓர் எழுத்து

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளைச் சூளையிலிருந்து இறக்கியதும் தரம் பிரித்து அடுக்குவார்கள். இரண்டாம் தரம் என்று ஒதுக்கிய குவியலிலிருந்து ஒன்றை எடுத்தால், கை தானாகவே அதில் கீறலைத் தேடும். கீறல் இல்லாவிட்டாலும் சந்தேகம் போகாது. இவ்வூர்ச் சுவர்களில் திரைப்படச் சுவரொட்டிகளைப் பார்த்து வளர்ந்த நாங்கள், வட்டத்துக்குள் இருந்த ‘ஏ’ என்ற எழுத்தும் அதே வேலையைத்தான் செய்தது என்பதை வெகுகாலம் கழித்தே உணர்ந்தோம்.

‘யூ’, ‘ஏ’ என்ற இரு பிரிவுகள் 1949ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் இந்தியத் தணிக்கைக்குள் வந்தன. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் அவற்றை நிலைநிறுத்தியது. பதினெட்டு வயது நிரம்பியோருக்கு மட்டும் என்பதே ‘ஏ’வின் பொருள், ஆபாசம் என்பதல்ல. தமிழில் இச்சான்றிதழை முதலில் பெற்ற படம் எம்.ஜி.ஆர். நடித்து 1951இல் வெளிவந்த ‘மர்மயோகி’. காரணம் பேய்க் காட்சிகள். அந்தப் பேயும் உண்மையில் பேயல்ல, உயிரோடிருக்கும் அரசனின் நாடகம் என்பது கதை. ஆக, அன்று அவ்வெழுத்து அச்சத்தைக் குறித்தது.

பொருள் எப்போது சுருங்கியது என்று ஒரு நாளைச் சுட்ட இயலாது. ஆனால் அதன் ஆபத்தை ஒருவர் முன்பே கண்டார். கே.ஏ. அப்பாஸ், சென்னை உட்பட நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் ஒப்பிட்டு ஒரு குறும்படம் எடுத்தார். பாலியல் தொழில் நடக்கும் தெருவைக் காட்டியதால் அதற்கு ‘ஏ’ விதிக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கின் நடுவிலேயே அரசு இறங்கிவந்து, வெட்டின்றி ‘யூ’ தர இசைந்தது. 1970இல் தீர்ப்பளித்த நீதிமன்றம் முன்தணிக்கையை ஏற்றுக்கொண்டது. எனினும் பாலியலும் ஆபாசமும் ஒன்றல்ல என்று தெளிவாக வேறுபடுத்தியது.

அந்த வேறுபாடு சுவரொட்டிவரை வந்து சேரவில்லை. 1978இல் ஐ.வி. சசி இயக்கிய ‘அவளுடெ ராவுகள்’ இதற்குச் சான்று. தம்பியை வளர்ப்பதற்காக உடலை விற்கும் ஓர் அநாதைப் பெண்ணின் துயரம் அது. எங்கள் பக்கத்தில் அதை அப்படிப் பார்த்தவர் சிலரே. ‘ஏ’ என்றதும் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. எதிர்பார்த்த காட்சிக்காகக் காத்திருந்த கண்கள் மற்றவற்றைக் கடந்து சென்றன. இன்னொரு இழப்பும் உண்டு. ‘ஏ’ படத்துக்குப் பெண்கள் போவது வழக்கமில்லை. ஒரு பெண்ணின் கதை ஆண்கள் மட்டுமே நிறைந்த அரங்கில் ஓடியது. சட்டம் பெண்களைத் தடுக்கவில்லை, முத்திரை தடுத்தது. நாளடைவில் ‘மலையாளப் படம்’ என்ற சொல்லே தமிழ்நாட்டில் ஒரு ரகத்தின் பெயராயிற்று. உலகம் மதித்த ஒரு திரைமரபை நம்மவர் கண்ணடித்துச் சொல்லும் சொல்லாகக் குறுக்கினோம். அக்குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு.

தணிக்கை வாரியம் இன்று நுட்பமாகப் பிரிக்கிறது. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி ‘யூஏ’ பிரிவே ஏழு, பதிமூன்று, பதினாறு என்று வயதுவாரியாக உடைக்கப்பட்டுள்ளது. ஆனால் கைப்பேசியில் ஓடும் பாலியல் காணொளிகளுக்குப் பெயரிடுவது வாரியமல்ல, விற்பவரே. அங்கே தலைப்பு எச்சரிக்கையாக இருப்பதில்லை. மொழி, வயது, உறவுமுறை ஆகியவற்றின் பெயரால் ஒரு பெண்ணை ரகமாக்கிவிடுகிறது. ‘மல்லு’ என்ற தலைப்பு அன்றைய ‘மலையாளப் படம்’ என்பதன் நேர் வாரிசு. அதைச் சொடுக்குபவன் காண்பது ஒரு மனுஷியை அல்ல, தலைப்பு முன்கூட்டியே வாக்களித்ததை.

பொம்மையைத் தரம் பிரிக்கச் சூளைக்காரருக்கு உரிமை உண்டு. குவியலின் பெயரை மறந்து அதைக் கையில் எடுத்துப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது.