கைதட்டலும் கையின் உரிமையும்

“தோட்டத்து ஜனங்களுக்குச் சங்கீதம் கேட்கத் தெரியாது” என்ற தீர்ப்பு டிக்கோயா, அட்டன், நோர்வூட் பகுதிகளிலே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கோயில் திருவிழாவிலோ பாடசாலை விழாவிலோ கர்நாடக இசைக் கச்சேரி ஒன்று நடந்துவிட்டால் போதும். மறுநாள் குற்றப் பத்திரிகை தயாராகிவிடும். ஆலாபனை நடக்கும்போதே எழுந்து போனார்கள், பிள்ளைகளை அதட்டினார்கள், கைதட்டக் கூடாத இடத்திலே தட்டினார்கள், தட்ட வேண்டிய இடத்திலே சும்மா இருந்தார்கள். இந்தக் குற்றச்சாட்டைக் கூறுகிறவர்கள் நகரத்துக் கனவான்கள் மட்டுமல்லர். லயத்திலே பிறந்து, படித்து, ஆசிரியராகிவிட்ட நம்மவர் சிலரும் அதையே கூறுகின்றனர். ஆகவே இதைச் சற்று நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது. கேட்கத் தெரிவது என்றால் என்ன? அந்த இலக்கணத்தை எழுதியவர் யார்? எப்பொழுது எழுதினார்?

முதலிலே நமது மொழியையே கேட்போம். தமிழிலே ‘கைகொட்டிச் சிரித்தார்கள்’ என்றால் அது பாராட்டன்று, ஏளனம். ஆனால் அதே கைகள் கும்மியிலே கொட்டும்போது பாட்டாகின்றன. தாளம் என்பதே கையின் தொழிலன்றோ? பழைய இசை இலக்கணத்திலே தாளத்தின் ஓர் உறுப்புக்குக் ‘கொட்டு’ என்றே பெயர். இன்றும் பாடசாலையிலே இசை கற்கும் சிறுமி முதலில் பழகுவது குரலையும் கையையும் சேர்த்தே. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். ஒரு தட்டு, மூன்று விரலெண்ணிக்கை, பின்பு தட்டும் வீச்சுமாக இருமுறை. ஆக, நம் மரபிலே கைதட்டல் இசை முடிந்த பிறகு வெளியேயிருந்து கொடுக்கும் கூலியாக இருக்கவில்லை. அது இசையின் உள்ளேயே இருந்தது. பாடுகிறவரின் கையும் கேட்கிறவரின் கையும் ஒரே கணக்கைப் போட்டன.

கூலியோ வேறு வழியில் வந்தது. சிலப்பதிகாரத்து மாதவி அரங்கேறியபோது சோழ மன்னனிடம் அவள் பெற்றவை தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும். அங்கே பாராட்டு என்பது அரசனின் அதிகாரம். பின்னாளிலே தஞ்சை அரண்மனையிலும் மிராசுதாரின் கல்யாணப் பந்தலிலும் பாடிய வித்துவானுக்குச் சால்வை போர்த்தியவரும், “பலே!” “சபாஷ்!” என்று வாய்விட்டுக் கூறும் உரிமை பெற்றவரும் நெல்லும் நிலமும் உடையவரே. வீதியிலே நாதஸ்வர ஊர்வலத்தோடு நடந்து விடியும்வரை இராகம் கேட்ட உழவனின் தலையசைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஆனால் அவன் கேட்டான். நின்று கேட்டான், நடந்து கேட்டான், இடையிலே வெற்றிலை போட்டுக்கொண்டும் கேட்டான். அதைத் தவறென்று எவரும் கூறியதில்லை.

சபா வந்தபோதுதான் நிலைமை மாறியது. 1883-இல் சென்னையிலே காயன் சமாஜத்தின் கிளை தோன்றியது. 1927-இல் அங்கு கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928-இல் மியூசிக் அகாதமி பிறந்தது. அரண்மனையும் மிராசும் சரிந்த காலத்திலே வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சேர்ந்து இசையைக் காப்பாற்றினார்கள் என்பது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் காப்பாற்றியவர்கள் தங்கள் வாழ்க்கை முறைக்கேற்ப அதை மாற்றியும் அமைத்தார்கள். சீட்டு வந்தது, வரிசை நாற்காலி வந்தது, கடிகாரம் வந்தது, பின்னர் ஒலிபெருக்கியும் வந்தது. ஒரே பல்லவியை மணிக்கணக்கிலே விரித்த காலம் போய், வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், தனி ஆவர்த்தனம், துக்கடா, மங்களம் என்று அளவாக முடியும் கச்சேரி முறை நிலைத்தது. அரியக்குடி இராமாநுஜ ஐயங்காரின் (1890–1967) பெயரோடு இணைத்துப் பேசப்படும் முறை இது. மறுநாள் காலை காரியாலயம் போக வேண்டியவருக்கு இது வசதி. ஒவ்வோர் உருப்படி முடிந்ததும் எல்லோரும் ஒருசேரக் கைதட்டுவதும் இந்த மண்டபத்தோடு வந்த வழக்கமே; ஆங்கிலேயரின் கூட்டங்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் பழகிய கைகள் அதைக் கச்சேரிக்கும் கொண்டுவந்தன. நூறாண்டு வயதுள்ள ஏற்பாடு ஒன்று அநாதியான சம்பிரதாயம் போல நம் முன்னே நிற்கிறது!

ஐரோப்பாவிலே மட்டும் இந்த மௌனம் அநாதியா? அதுவுமில்லை. 1778-இல் பாரிஸ் நகரிலே தம் சிம்பொனி அரங்கேறியபோது, முதற்பகுதி நடந்துகொண்டிருக்கையிலேயே சபையோர் கைதட்டியதைப் பற்றி மொஸார்ட் தம் தந்தைக்குப் பெருமையாகவே கடிதம் எழுதினார். அந்த இடத்திலே தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தே அவர் அதை அமைத்திருந்தார். மகிழ்ச்சியிலே கச்சேரி முடிந்ததும் ஐஸ்கிரீம் சாப்பிடப் போனாராம்! நூறாண்டு கழித்து, 1882-இல், பைரோய்த்திலே வாக்னரின் ‘பார்சிஃபால்’ நடந்தபோது நிலைமை தலைகீழ். நாடகத்தின் அமைதி குலையாதிருக்கும் பொருட்டு நடிகர்கள் திரைக்கு முன்னே வந்து வணங்க மாட்டார்கள் என்று அவர் கூறியதைச் சபையோர், கைதட்டவே கூடாது என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு காட்சியை மெச்சி வாக்னரே குரல் கொடுத்தபோது, குரல் கொடுத்தவர் யாரென்று அறியாமல் அவரையே ‘உஸ்’ என்று அடக்கினார்கள். இடைப்பட்ட காலத்திலே பாரிஸ் நாடகக் கொட்டகைகளில் காசு வாங்கிக்கொண்டு கைதட்டுவது ஒரு தொழிலாகவே நடந்தது. (நம் நாட்டு அரசியல் கூட்டங்களுக்கு லொறியிலே ஏற்றிச் செல்லப்படுகிறவர்களை நினைத்துச் சிரிக்க வேண்டாம், அவர்களுக்குக் கிடைப்பது ஒரு சோற்றுப் பார்சல்தான்.)

டிக்கோயாவுக்கு வருவோம். காபியின் காலத்திலே காடழித்து உண்டாக்கப்பட்ட மலைகள் இவை. இலைநோய் காபியை அழித்தபின் தேயிலை வந்தது. 1884-இல் அட்டனுக்கு இரயில் வந்தது. தரவளையிலே துரைமாருக்குக் கழகமும் கிரிக்கெட் மைதானமும் இருந்தன. மெல்லக் கைதட்டுவதற்கு அங்கே ஓர் இலக்கணம் இருந்தது. அந்த மைதானத்தைச் சூழ்ந்த லயங்களிலே வாழ்ந்தவர்களுக்குத் துரையின் முன்னே கைகளைப் பற்றிய ஒரே விதிதான்: கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மனித உடலின்மீது ஒரு சமுதாயம் எழுதும் சட்டங்களிலே கைகளின்மீது எழுதுவதே கடுமையானது. கொழுந்து பறிக்கும் கை, கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் கை, பெயர்பதியும் நேரத்திலே கட்டிக்கொள்ளும் கை! விடியுமுன்னே அந்தக் கைகளை எழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு அழைத்தது தப்பின் ஒலி. உலகத்திலே எத்தனையோ மக்களுக்கு மேளம் என்றால் விழா. தோட்டத்திலோ அது விழாவுக்கும் முழங்கியது, வேலைக்கும் முழங்கியது.

இதே தப்பைத்தான் மக்கள் மாசி மாதத்திலே தமதாக்கிக்கொண்டார்கள். காமன் கூத்து மலையகத்தின் பெருங்கலை. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அதன் உடன்பிறப்புகள். இதிலே ரதியும் மன்மதனும் தொழில்முறை நடிகர்கள் அல்லர். விரதம் காத்து வேடம் புனையும் தோட்டத் தொழிலாளர்களே. கூத்து வாத்தியாரும் பெரும்பாலும் தொழிலாளியே. இங்கே பார்வையாளர் எங்கே இருக்கிறார்? நாற்காலியில் இல்லை. ஆட்டம் லயம் லயமாக வரும்போது வாசல் தெளித்து வரவேற்கிறார். இயன்றதைக் காணிக்கையாகக் கொடுக்கிறார். தெரிந்த அடியைச் சேர்ந்து பாடுகிறார். ஆட்டக்காரன் அடி பிசகினால் வாய்விட்டுத் திருத்துகிறார். மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும்போது பெண்கள் அழுகிறார்கள். அந்த இடத்திலே யாராவது கைதட்டினால் அவனைப் பைத்தியக்காரன் என்றே கருதுவார்கள். கேட்கும் ஒழுங்கு இங்கே இல்லையா? இருக்கிறது, மிகக் கண்டிப்பாகவே இருக்கிறது. எங்கே அழ வேண்டும், எங்கே சேர்ந்து பாட வேண்டும், எங்கே வழிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் எழுதப்படாத சட்டம். அச்சிட்ட அழைப்பிதழின் அடியிலே இல்லாததால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு 1931-இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கண்ட கோ. நடேசய்யரின் (1887–1947) துணைவியார் மீனாட்சி அம்மை, மக்கள் கேட்கும் முறையை நன்கு அறிந்திருந்தவர். நடேசய்யரின் கூட்டங்களிலே அவர் பாரதியின் பாடல்களைப் பாடினார். தொழிலாளர் நிலையைத் தாமே பாட்டாகக் கட்டி, மக்கள் அறிந்த மெட்டுகளிலே அமைத்து, சிறு பிரசுரமாகவும் வெளியிட்டார். அறிந்த மெட்டு ஏன்? கேட்டவுடன் வாயிலே வர வேண்டுமென்பதற்காக. கூட்டம் முடிந்து மலையேறுகிறவன் அதை முணுமுணுத்துக்கொண்டு போக வேண்டுமென்பதற்காக. சபா உலகம் தன் ரசிகனிடம் கேட்டது கரகோஷத்தை. மீனாட்சி அம்மை கேட்டது குரலை.

தமிழ்நாட்டிலும் இதே கேள்வி வேறு உருவிலே எழுந்தது. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தொடங்கிய தமிழிசை இயக்கம், 1943-இல் சென்னையில் அமைந்த தமிழ் இசைச் சங்கம் ஆகியவற்றின் கோரிக்கையை மொழிச் சண்டை என்று மட்டும் பார்ப்பது போதாது. புரியாத மொழியிலே பாட்டுக் கேட்கிறவன் முடிவிலே கைதட்ட மட்டுமே முடியும். புரிந்தவனுக்கோ நடுவிலே சொல்ல ஏதேனும் இருக்கும்.

தோட்டப் பாடசாலைகளை 1970களிலே அரசு பொறுப்பேற்ற பிறகே கர்நாடக இசை ஒரு பாடமாக எங்கள் மலைகளிலே பரவ வழி பிறந்தது. அதை நான் வரவேற்கிறேன். லயத்துப் பிள்ளைக்குக் கல்யாணி இராகம் உரியதல்ல என்று கூறுகிறவன் பிற்போக்குவாதி; அதை முற்போக்கின் பெயராலே கூறினாலும் அவன் பிற்போக்குவாதியே. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணியைக் கற்பிக்கும்போதே, அவளுடைய பாட்டி காமன் கூத்திலே கேட்ட முறை நாகரிகமற்றது என்றும் சேர்த்துக் கற்பிக்கிறோமே, அது எந்தப் பாடத்திட்டத்திலே இருக்கிறது?

இதிலே வேடிக்கை என்னவென்றால், ஒழுங்கின் தலைநகரமாகிய சென்னைச் சபாக்களிலேயே தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காப்பிக்கும் பஸ்ஸுக்கும் போகிறவர்கள் நெடுங்காலமாக உண்டு. பாட்டு நிற்கிறது, தோல் பேசுகிறது, ரசிகர் வெளியேறுகிறார். இருந்து கேட்டவர்கள் முடிவிலே ஓங்கித் தட்டுகிறார்கள். அந்தத் தட்டு யாரைச் சேருகிறது? மிருதங்கத்துக்கு மாட்டுத் தோலும் எருமைத் தோலும் ஆட்டுத் தோலும் வேண்டும். அவற்றைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, சுருதி கூட்டிக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னே பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தார். இவர்களைப் பற்றிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா எழுதிய நூலை 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே வெளியிட, சென்னைக் கலாக்ஷேத்திரம் முதலிலே இடம் கொடுத்துவிட்டுப் பின்னர் அனுமதியைத் திரும்பப் பெற்றது. நூல் ஆசிய இதழியல் கல்லூரியிலே வெளியாயிற்று. தோலின் ஓசைக்கு மண்டபத்திலே இடமுண்டு. தோலைத் தொட்டவரின் கதைக்கு மட்டும் இடமில்லாது போயிற்று.

தப்பும் தோல்தான். மலைக் குளிரிலே, பனி இறங்கும் மாசி இரவிலே அந்தத் தோல் விரைவில் தொய்ந்துவிடும். நெருப்பிலே காட்டினால்தான் மீண்டும் ஓசை எழும். கூத்து நடக்கும் இடத்திலே சருகும் விறகும் பொறுக்கி வந்து அந்தத் தீயை அணையாமல் பார்த்துக்கொள்கிறவர்கள், கேட்க வந்தவர்களே.