பாலும் இறைச்சியும் ஒரே பட்டியில்

அம்மெருட், குரூருட், ரொம்சோஸ், ரொம்மன், ஸ்தோவ்னர். ஒஸ்லோத் தமிழருக்கு இவை நிலக்கீழ் ரயில் நிலையங்களின் பெயர்கள். ரயில் வருவதற்கு முன்பு இவற்றில் பெரும்பாலானவை பண்ணைகளின் பெயர்கள். 'ருட்' என்றால் காடு வெட்டித் திருத்திய நிலம். 'ஓஸ்' என்றால் குன்று. ரொம்சோஸ், ரொம்மன் பண்ணையை அடுத்திருந்த குன்று. இந்தப் பள்ளத்தாக்கு அடங்கிய ஆக்கெர் பிரதேசம் 1948இல் ஒஸ்லோவுடன் சேர்க்கப்பட்டது. பிறகு வயல்களில் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. 1974இல் ரொம்சோஸ் குன்றைக் குடைந்து அமைத்த ரயில் நிலையம் திறக்கப்பட்டது. மாடுகள் மேய்ந்த பள்ளத்தாக்கில் இன்று மாட்டை நாம் காண்பது பல்பொருள் அங்காடியின் குளிர்ப்பெட்டியில்தான். ஒரு பக்கம் பால், மறுபக்கம் 'ஸ்தூர்ஃபே' என்று எழுதிய இறைச்சிப் பொதி. நம்மில் பல வீடுகள் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கடந்துபோகும். இரண்டும் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

முதலில் அந்தச் சொல். 'ஸ்தூர்' என்றால் பெரிய. 'ஃபே' என்றால் கால்நடை. பழைய நோர்ஸ் மொழியில் 'ஃபே' என்ற அதே சொல்லுக்குச் செல்வம், பணம் என்றும் பொருள் இருந்தது. வள்ளுவரும் 'மாடு' என்பதைச் செல்வம் என்ற பொருளில் ஆண்டிருக்கிறார். ஆநிரை கவர்தலை வெட்சித் திணையாகவும் மீட்டலைக் கரந்தையாகவும் வகுத்த மரபு நம்முடையது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகல், ஆகோள் பூசலில் இறந்த ஒருவனுக்கு எடுத்தது. அந்தக் காலத்துத் தமிழர் எல்லோரும் மாட்டிறைச்சியை விலக்கியவர்களும் அல்லர். கொழுத்த ஆவைத் தின்ற மழவரைச் சங்கப் பாடல் காட்டுகிறது. விலக்கு பின்னர் வந்தது. அதுவும் எல்லோருக்கும் வரவில்லை.

நோர்வேயின் பழைய மாடு சிறியது. நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 3 சதவீதம்தான் பயிர்நிலம். மற்றது மலை, காடு, பாறை. கோடையில் மாடுகளை மலைமேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்று, 'சேத்தர்' எனப்படும் மலைக்கொட்டில்களில் தங்கிப் பால் கறந்து, வெண்ணெயும் பாற்கட்டியும் செய்தார்கள். குளிர்காலம் கடுமையானது. வைக்கோல் போதாமல் இலை, பாசி, கடற்பூண்டு எல்லாம் போட்டு மாட்டை அரைப் பட்டினியில் வைத்திருந்தார்கள். வசந்தத்தில் எழும்ப முடியாத மாடுகளை ஆட்கள் தூக்கி வெளியே விட்ட கதைகள் பல மாவட்டங்களில் உண்டு. அப்படிப்பட்ட மாட்டுக்குப் பால் மாடு, இறைச்சி மாடு என்ற பிரிவு இல்லை. கறக்கும்வரை பால், கறவை நின்றால் இறைச்சி, பிறகு தோல்.

மாற்றத்தின் தொடக்கமாக 1856ஐச் சொல்லலாம். அந்த ஆண்டு டெலெமார்க்கின் குவிதெசைட்டில் மாட்டுக் கண்காட்சி நடந்தது. டெலெமார்க் மாடு தனி இனமாகப் பெயர் பெறத் தொடங்கியது. அதே ஆண்டு தோல்கா மலைப்பகுதியிலுள்ள ரௌசோடாலனில் வட ஐரோப்பாவின் முதல் கூட்டுறவுப் பாற்பண்ணை தொடங்கியது. பால் சந்தைக்குப் போனதும் எந்த மாடு எவ்வளவு கறக்கிறது என்ற கணக்கு வந்தது. கணக்கோடு இன விருத்தியும் வந்தது.

1935இல் 'நோர்ஸ்க் ரோட் ஃபே', அதாவது நோர்வேச் சிவப்பு மாடு, என்ற இனத்துக்கு வளர்ப்போர் சங்கம் அமைந்தது. சுருக்கமாக என்ஆர்எஃப். 1960களில் மற்ற வட்டார இனங்களின் சங்கங்கள் ஒவ்வொன்றாக இதில் இணைந்தன. உலகின் பல நாடுகள் பாலை மட்டும் பார்த்துப் பொலிகாளையைத் தெரிந்த காலத்தில், நோர்வே 1970களிலிருந்தே மாட்டின் நோய்களையும் சினைப்பிடிக்கும் திறனையும் பதிந்து அவற்றுக்கும் புள்ளி கொடுத்தது. இறைச்சிக்கும் புள்ளி உண்டு. ஆகவே என்ஆர்எஃப் இருபயன் மாடு. இன்றைய பசு ஆண்டுக்குச் சுமார் 8,000 கிலோ பால் தருகிறது. நாட்டின் கறவைப் பசுக்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இனமே.

பசு பால் தர வேண்டுமானால் கன்று ஈன வேண்டும். சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்றுக் கூட. ஈனும் கன்றுகளில் பாதி நாம்பன். நாகுக் கன்றில் ஒரு பங்கு தாயின் இடத்துக்கு வளரும். நாம்பன் கன்றுகளில் மிகச் சில பொலிகாளையாகும். மீதி கொழுக்க வளர்க்கப்பட்டுப் பொதுவாக ஒன்றரை வயதளவில் இறைச்சிக்குப் போகும். பால் வற்றிய தாய்ப்பசுவும் அதே வழிதான். நோர்வேயில் விற்கும் மாட்டிறைச்சியின் பெரும்பகுதி இன்றும் பாற்பண்ணைகளிலிருந்துதான் வருகிறது. பாலைச் சேர்க்கும் தீனெயும் இறைச்சியைச் சேர்க்கும் நூர்த்துராவும் விவசாயிகளின் கூட்டுறவுகள்; பல விவசாயிகள் இரண்டிலும் அங்கத்தவர்கள்.

இறைச்சிக்கென்றே வளர்க்கும் இனங்கள் இங்கு பரவியது 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் சிவப்பு உடலும் வெள்ளை முகமும் கொண்டது, மேய்ச்சலுக்கு ஏற்றது. ஸ்கொட்லாந்தின் அபர்டீன் அங்கஸ் கறுப்பு, கொம்பில்லாதது; தசைக்குள் கொழுப்பு இழையோடும். பிரான்ஸின் ஷரொலே வெண்மையானது, கனத்த உடல்; லிமூசான் செம்பழுப்பு, எலும்பு சிறுத்துத் தசை மிகுந்தது. சுவிற்சர்லாந்தின் சிமென்டால் பாலும் தாராளமாகக் கொடுக்கும். இந்த முறையில் பசுவைக் கறப்பதில்லை. பால் முழுவதும் கன்றுக்கு. நோர்வேஜிய மொழியில் 'அம்மெகூ', பாலூட்டும் பசு.

இவை பெருகியதற்குக் காரணமும் பால்தான். 1983இல் பாலுக்குப் பங்கீட்டளவு வந்தது. பசு ஒவ்வொன்றும் கூடுதலாகக் கறக்கக் கறக்க, அதே அளவு பாலுக்குக் குறைந்த பசுக்கள் போதும் என்றானது. பசு குறைந்தால் கன்று குறையும். கன்று குறைந்தால் இறைச்சி குறையும். அந்த இடைவெளியை நிரப்ப வந்தவை அம்மெகூக்கள். இன்று சுமார் 2 லட்சம் கறவைப் பசுக்களுக்கு சுமார் 1 லட்சம் அம்மெகூ இருக்கின்றன. டெலெமார்க் உட்பட ஆறு பழைய நாட்டு இனங்களோ அழியும் நிலைக்கு வந்து, இன்று அரச உதவித்தொகையில் காப்பாற்றப்படுகின்றன.

இறைச்சி இனங்களின் வரலாற்றில் நம் பக்கத்து மாடும் உண்டு. சென்னை மாகாணமாக இருந்த நெல்லூர், ஓங்கோல் பகுதியின் வெள்ளைத் திமில் மாடு, உழவுக்கும் வண்டிக்கும் பேர்போனது. 19ஆம் நூற்றாண்டில் அது பிரேசிலுக்குக் கப்பலேறியது. 1960களின் தொடக்கத்தில் மேலும் காளைகள் போயின. வெயிலையும் உண்ணியையும் தாங்கியதால் அங்கே பெருகி, 'நெலோரே' என்ற பெயரில் பிரேசிலின் முதன்மை இறைச்சி இனமாயிற்று. ஊரில் ஏர் இழுத்த மாட்டின் வம்சம், போன இடத்தில் ஏற்றுமதி இறைச்சியானது.

இந்த வேறுபாட்டை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நாம்பனுக்கு வேலை இருந்தது. நலமடித்து ஏரில் பூட்டினார்கள், வண்டியில் கட்டினார்கள், சவாரிக்கு வளர்த்தார்கள். பால் தந்த பசுவின் ஆண்கன்று உயிரோடிருப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. மாட்டை உண்ணாத சைவ வீட்டின் ஒழுக்கம் அந்த உழைப்பின்மேலும் நின்றது. உழவு இயந்திரம் வந்தபின் அங்கும் அந்தக் காரணம் தேய்ந்தது. நோர்வேயில் பெரும்பாலும் உழுதது குதிரை. எருதுக்கு இங்கே அவ்வளவு பெரிய இடம் கிடைக்கவில்லை.

யாரும் உண்பதையோ விலக்குவதையோ மாற்றவேண்டும் என்பதல்ல என் எண்ணம். விலக்குவதற்குச் சைவ வீட்டுக்கு நியாயம் உண்டு. உண்பதற்கு நம்மிடையே உள்ள கிறிஸ்தவ, இஸ்லாமிய வீடுகளுக்கும் மற்றவருக்கும் அதே அளவு நியாயம் உண்டு. ஆனால் பால் மட்டும் வாங்கும் வீடு இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது என்று பிள்ளைக்குச் சொல்ல முடியாது. தை மாதப் பனியில் ரொம்சோஸ் அடுக்குமாடியில் பொங்கும் பால் ஒரு சிவப்புப் பசுவினுடையது. மறுநாள் பட்டிப்பொங்கல். அந்தப் பசுவின் நாம்பன் கன்று எங்கே என்று பிள்ளை கேட்டால், உள்ளதைச் சொல்லலாம்.