மேன் பக்கத்தில் இருந்த 'பக்ஸ்' எங்கே போச்சு?

1971 நவம்பர் 3 என்று தேதியிட்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒரு கையேடு வந்தது. யூனிக்ஸ் புரோகிராமர்ஸ் மேனுவல், முதல் பதிப்பு. எழுதியவர்கள் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி. இன்னிக்கு லினக்ஸ் டெர்மினலில் 'மேன்' என்று அடித்தால் வருகிற பக்கத்தின் வடிவம் அதிலேயே இருக்கிறது: பெயர், எப்படி அழைப்பது, விளக்கம், எந்தக் கோப்புகளைத் தொடும், கூடவே பார்க்க வேண்டியவை, என்னென்ன பிழைச் செய்தி வரும். கடைசியில் இரண்டு தலைப்புகள். ஒன்று 'பக்ஸ்'. இன்னொன்று 'ஓனர்'. ஓனருக்குக் கீழே கென், டிஎம்ஆர் என்று லாகின் பெயர் மட்டும் இருக்கும். புரியலையா? எழுந்து போய் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

அந்த 'பக்ஸ்' பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தான் எழுதிய நிரலில் என்ன கோளாறு என்று எழுதியவரே அச்சில் ஒப்புக்கொள்கிற இடம் அது. கோப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அழிக்க 'டிஎஸ்டபிள்யூ' என்று ஒரு பழைய கட்டளை இருந்தது. அதன் பக்ஸ் பகுதியில் நிரலை விட்டுவிட்டுப் பெயரையே குறை சொல்லியிருப்பார்கள்: பழங்காலத்து மிச்சம், பெயர் வந்த கதை வேடிக்கையானது, ஆனாலும் இப்படி வைத்திருக்கக் கூடாது என்கிற தொனியில்.

அந்தத் துறைக்குத் தலைவராக இருந்த டக் மெக்கில்ராய் பின்னாளில் சொன்ன ஒரு விஷயம் முக்கியம். ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் ஒரு பரபரப்பு நடக்குமாம். அசிங்கமான ஒரு அம்சத்தை எழுத உட்காருவார்கள், 'இதைப் போய் எப்படி அச்சில் போடுவது' என்று தோன்றும், உடனே நிரலையே திருத்திவிடுவார்கள். விளக்க முடியாதது வடிவமைப்பிலேயே தப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து ஒரே தாவலில் 2023 ஜூனுக்கு வருவோம். ஓப்பன்ஏஐ தன் ஏபிஐயில் 'ஃபங்ஷன் காலிங்' வசதியைக் கொண்டுவந்தது. மாடலிடம் ஒரு கருவியைக் கொடுக்க மூன்று விஷயம் எழுதணும்: பெயர், விளக்கம், உள்ளீடுகளின் வடிவம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபியிலும் அடிப்படை அதேதான். மேன் பக்கத்தின் முதல் மூன்று தலைப்பும் உயிரோடு இருக்கின்றன. பக்ஸ் இல்லை, ஓனரும் இல்லை. இந்த முறை படிக்கிறவர் எழுந்து போய் யாரையும் கேட்க முடியாது. நேற்று படித்ததும் இன்றைக்கு நினைவில் இருக்காது. ஒவ்வொரு உரையாடலிலும் அந்த நாலு வரியைப் புதிதாகப் படித்துவிட்டுத்தான் வேலையில் இறங்குகிறது.

2024ல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் செய்த எஸ்டபிள்யூஈ-ஏஜென்ட் இந்த இடத்தில் நல்ல பாடம். மனிதர்களுக்கான டெர்மினலை அப்படியே மாடலிடம் கொடுக்காமல் அதற்கென்றே கட்டளைகளை அமைத்துப் பார்த்தார்கள். ஒரு கோப்பை ஒரு நேரத்தில் 100 வரி மட்டும் காட்டினார்கள். முழுக் கோப்பையும் கொட்டியபோது வேலை மோசமானது, 30 வரியாகக் குறைத்தபோதும் மோசமானது. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது இன்னொன்று. வேலை சரியாக முடிந்தால் வாயைத் திறக்காதே என்பது யூனிக்ஸ் மரபு. இவர்கள் அதைத் தலைகீழாக்கி, கட்டளை வெற்றிகரமாக ஓடியது, காட்ட வெளியீடு எதுவும் இல்லை என்று ஒரு வரி சேர்த்தார்கள். மௌனத்தின் அர்த்தம் பழகியவனுக்குத்தானே தெரியும்!

அதே ஆண்டு டிசம்பரில் ஆந்த்ரோபிக் எழுதிய கட்டுரையில் ஒரு சின்ன அனுபவம் வருகிறது. அவர்களுடைய ஏஜென்ட் வேறு கோப்புறைக்குள் போன பிறகு, இருக்கும் இடத்தை வைத்துச் சொல்லும் பாதைகளில் தடுமாறியது. கருவியையே மாற்றி, எப்போதும் முழுப் பாதைதான் தரணும் என்று ஆக்கினார்கள். தடுமாற்றம் போய்விட்டது. மெக்கில்ராய் ஆட்கள் செய்த அதே வேலைதான்: விளக்கத்தில் எச்சரிக்கையைக் கூட்டுவதற்குப் பதில் கருவியைத் திருத்துவது.

எல்லாக் கருவியையும் அப்படித் திருத்த முடியாது. ஒரு கருவி இருக்கிறது, அதன் விளக்கம் 'பழைய பதிவுகளைச் சுத்தம் செய்யும்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய என்றால் எத்தனை நாள்? சுத்தம் என்றால் அழிப்பதா, வேறிடத்தில் எடுத்து வைப்பதா? புதிதாகச் சேர்ந்த மனித ஊழியர் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி, பக்கத்து மேஜையில் கேட்பார். ஏஜென்ட் கேட்கலாம், கேட்காமல் ஓட்டியும் விடலாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: '90 நாளுக்கு மேற்பட்ட பதிவுகளை நிரந்தரமாக அழிக்கும். மீட்க முடியாது. எவை அழியும் என்று பார்க்க மட்டும் பட்டியல் கருவியைப் பயன்படுத்தவும். கோளாறு: தேதி இல்லாத பதிவுகளையும் பழையது என்றே எடுத்துக்கொள்ளும்.'

அந்தக் கடைசி வரியை எழுதும்போதே கை நிற்கும். தேதி இல்லாததை எதற்காக அழிக்கணும்? விளக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, முதலில் போய் நிரலைத் திறப்பேன்.